மாந்தலுக்குக் கண் எந்தப் பக்கம்

ஒக்கியில் சாய்ந்த கொய்யாவைக் குறுக்கே அறுத்து
நாலு வருஷம் கட்டிலுக்கடியில் காயவிட்டு
கன்னம்போல் தேய்த்தெடுத்த கட்டைகள்.
நீளவாக்கில் உளி ஓட்டினால் நார் இழுக்கும்.
குறுக்குவெட்டில் அப்படியில்லை,
எந்தத் திசைக்கும் ஒரே பிடிவாதம்.

கட்டைக்கு அடியில் தோல்பை,
உள்ளே மணவாளக்குறிச்சிக் கருமணல்.
கதிர் வீசும், தலைக்கு வைத்துவிடாதே என்பார் ராசையன் சார்.
வளைவு வந்தால் கையைத் திருப்புவதில்லை.
உளி நிற்கும். பறவைதான் சுற்றும்.

தேரூர்க் குளம் தொடங்கி மணக்குடிக் கழிமுகம்வரை
சாரின் புத்தகத்துக்கு அறுபத்திரண்டு படம்.
முதலில் நீர்க்காகம். சோம்பேறிக்கு ஏற்ற பறவை,
வெட்டாமல் விட்டதெல்லாம் கறுப்பு.
கண்ணுக்கு ஒரு புள்ளி, அலகோரம் ஒரு கீறல்,
மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

கொக்குதான் கொன்றது.
கொக்கை வரைய முடியாது இந்த வேலையில்.
கொக்கு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிற மரத்தையெல்லாம்
அப்புறப்படுத்த வேண்டும்.
ஒன்பது நாள்.
மடியிலிருந்து தட்டிய தூளில்
இன்னொரு கொக்கு செய்திருக்கலாம்.

முப்பத்தெட்டாவது கட்டை, சங்குவளை நாரை.
பொதுவான நாரை அல்ல. ஒரு நாரை.
வலது காலில் நைலான் நூல் சுற்றி
விரல்கள் சுள்ளியாய் மடங்கிப்போனது.
மூன்று சீசன் பார்த்த பறவை.
அந்த நூலுக்கென்றே ஒரு உளி தீட்டினேன்:
மயிரிழை வெள்ளைக்கோடு, நாலு சுற்று, ஒரு முடிச்சு.
ராசையன் சார் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் மூக்கைச் சிந்தினார்.

கடைசிக்கு முந்தையது மாந்தல்.
பறவைப் புத்தகத்தில் மீன் எதற்கு என்றால்
நாரை தின்பதையும் போடவேண்டுமாம்.
மணக்குடியிலிருந்து வரும் பிலோமியிடம் ரெண்டு வாங்கி
ஒன்றைப் பொரித்து, ஒன்றைப் பார்த்துச் செதுக்கினேன்.
மை தடவி, தாள் போட்டு,
எவர்சில்வர் கரண்டி முதுகால் தேய்த்து
உரித்த முதல் பிரதியை
மறுநாள் அவளிடமே நீட்டினேன், பாராட்டுக்குத்தான்.

"இது என்னத்த மக்கா? மாந்தலுக்குக்
கண்ணு ரெண்டும் இடப்பக்கமில்லா கெடக்கும்.
நீ எங்க கொண்டு ஒட்டி வச்சிருக்க?"
கூடைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துத் தாள்மேல் போட்டாள்.
தாள் நனைந்தது.
இரண்டு மீன், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு.

அச்சு திருப்பிக் காட்டும். தெரியாததில்லை.
அடியில் பெயர் வெட்டும்போது
'நா'வையும் 'ரை'யையும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து
இடவலம் மாற்றியவள்தான்.
எழுத்தைத் திருப்பினேன். காலைத் திருப்பவில்லை.
பறவைக்கு ரெண்டு பக்கமும் ஒன்றுதானே என்று
இருந்துவிட்டேன்.

மாந்தலை ஒரே ராத்திரியில் மறுபடி செதுக்கினேன்.
நாரை அதற்குள் போய்விட்டது.
குளத்தங்கரைப் பலகையில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி
'இப்பறவையைக் கண்டால் தெரிவிக்கவும்',
கீழே சாரின் நம்பர்.
இடது காலில் நூலோடு நிற்கிறது.

இதுவரை பதினொரு அழைப்பு.
எல்லோரும் அடித்துச் சொல்கிறார்கள்,
இடது கால்தான், எங்கள் கண்ணால் பார்த்தோம்.
ஒரு பையன் போட்டோவே அனுப்பியிருக்கிறான்.
பெரிதாக்கிப் பெரிதாக்கி
கட்டம் கட்டமாய் உடைந்த பிறகும்
நூல் தெரிகிறது என்கிறார் சார்.
எனக்குத் தெரியவில்லை.

நேற்று விடியலில் போனேன்.
நாற்பதடிக்குள் நின்றது ஒன்று,
மூன்று சீசன் பார்த்த அதே கழுத்துச் சாய்வு.
முந்தின வாரம் மழை. குளம் தளும்பிக்கொண்டிருந்தது.
தொடைவரை தண்ணீர்.
அலகைப் பாதி திறந்து உள்ளே விட்டு
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்
துழாவிக்கொண்டேயிருந்தது.